ஆறு மணிக்கு அட்வான்ஸ்

எந்திரிக்கக் கூடாது. என்ன ஆனாலும் இந்த நாற்காலியை விட்டு நான் எந்திரிக்கக் கூடாது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் வீட்டுக்காரர் மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போனார். "எந்திரிக்காத, சிரிக்காத, வீடு நல்லாருக்குன்னு வாயைத் தொறக்காத." அன்பழகன் என்று பேர் வைத்த மனுசன் பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சு இது. ஆனாலும் அவர் சொன்னதில் தப்பில்லை. பத்திர நகலை எடுத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்கு ஓடியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிற ஒரே வக்கீல் தாம்பரத்தில்தான் இருக்கிறாராம். அவர் திரும்பி வருகிறவரைக்கும் இந்த வீட்டைப் பிடித்துவைத்துக்கொள்ள என்னிடம் இருப்பது இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியும் மடியில் தூங்குகிற மகியும்தான். தூங்குகிற பிள்ளையை மடியில் வைத்திருப்பவளை யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். இது நானாகக் கண்டுபிடித்த உபாயம், கிளினிக்கிலும் பேங்கிலும் பலித்திருக்கிறது. எதிரில் டீப்பாயின்மேல் எவர்சில்வர் தாம்பாளம் தயாராக இருக்கிறது, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு தேங்காய். ஆறு மணிவரைக்கும் ராகு காலம். அது முடியாமல் அட்வான்ஸைக் கையால் தொட மாட்டேன் என்று வீட்டை விற்கிற ஞானசம்பந்தம் சார் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ராகு காலத்துக்கு ஒரு கும்பிடு. அது மட்டும் இல்லையென்றால் தெருவில் ஏசி போட்டுக்கொண்டு நிற்கிற அந்த வெள்ளைக் கார்க்காரர்கள் எப்போதோ போனில் பணத்தைத் தட்டிவிட்டிருப்பார்கள். ஜன்னல் வழியாகக் கார் தெரிகிறது. உள்ளே ஒரு பெண் பிளாஸ்டிக் ஃபைலால் விசிறிக்கொள்கிறாள். ஏசி போட்டும் ஏனம்மா விசிறுகிறாய்? உனக்கும் ஆறு மணி ஆக மாட்டேன் என்கிறதா? புரோக்கர் மஸ்தான் பாய் காருக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருக்கிறார். அங்கே குனிந்து ஏதோ சொல்கிறார், இங்கே வந்து, "தங்கச்சி, தண்ணி வேணுமா" என்கிறார். இரண்டு பக்கமும் தண்ணி காட்டுகிற ஆள். சிரிப்பு வருகிறது. சிரிக்கக் கூடாது.

நான் சிரித்ததால் போன வீடு ஒன்று உண்டு. நாங்கள் பார்த்ததிலேயே முதல் வீடு அது. அடுப்படி ஜன்னலைத் திறந்ததும் வெயில் மேடை முழுக்க வந்து விழுந்தது. "ஐயோ, எவ்வளவு வெளிச்சம், லைட்டே போட வேணாம்" என்று நான் கத்திவிட்டேன். வீட்டுக்காரம்மாவும் சிரித்தாள், அவள் புருசன் சிரிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே விலை ஏறிவிட்டது. வெளிச்சத்துக்கும் சேர்த்துக் கேட்டார்கள். இரண்டாவது வீட்டைப் பார்த்தது ஆடி மாசம். ஆடியில் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்று என் மாமியார் ஊரிலிருந்து போன் போட்டுச் சொன்னார். நாங்களும் நல்ல பிள்ளைகளாக ஆவணி ஒன்றாம் தேதி வெற்றிலை பாக்கோடு போய் நின்றால், வாசலில் வேறு யாரோ வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் ஆடி எங்கே போயிற்றோ. மூன்றாவது, வேண்டாம், அதை நினைக்கக் கூடாது. அதற்கு நான் திரைத்துணி நிறம் வரைக்கும் யோசித்துவைத்திருந்தேன். அதற்குப் பிறகு நான் தேறிவிட்டேன். இப்போது எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பார்க்கிறேன். பாத்ரூமில் அண்ணாந்து நான்கு மூலையையும் பார்க்கிறேன். ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் வாசனை வந்தால் அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்க்கிறேன், ஈரத்தை மறைக்கத்தான் அவசரமாக அடிப்பார்கள். தண்ணீரைப் பற்றி விற்கிறவரிடம் கேட்பதே இல்லை. தெருமுனை மளிகைக் கடையில் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு, "சித்திரையில லாரி வருமாண்ணே" என்று கேட்டால் உண்மை வந்துவிடும். மழை பெய்த மறுநாள் ஒரு தடவை வந்து தெருவில் நடந்து பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று முப்பது வருசத்துக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், பட்டாவில் யார் பெயர் என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டாவதோடு நின்ற எனக்கு இதெல்லாம் எவள் சொல்லிக்கொடுத்தாள்? போன வீடுகள்தான் சொல்லிக்கொடுத்தன. இந்த வீட்டில் எல்லாம் பார்த்தாயிற்று. குழாய் எல்லாம் ஒரே சீராக வருகிறது. சுவரில் ஈரம் இல்லை. மளிகைக் கடைக்காரர், "இந்தத் தெருவுல லாரியே நுழைஞ்சதில்லம்மா" என்றார். அப்புறம் எதற்கு எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது? நல்ல வீடு என்பதால்தான். நல்ல வீடு என்றால் பயம் வந்துவிடுகிறது.

சித்திரைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இது பங்குனி. வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரர் மகனுக்குக் கல்யாணமாம், நம் போர்ஷனைத்தான் அவனுக்கு ஒதுக்குகிறார்களாம். சொந்தக்காரர் வீட்டம்மா அதைச் சொல்லும்போது கையில் ஸ்வீட் பாக்ஸ் வேறு வைத்திருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த மைசூர்பாகை நான் தின்றிருக்கக் கூடாது, தின்றேன், நன்றாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்க முடியாது. காலண்டரை பிரிட்ஜ் கதவில் மாட்டியிருக்கிறோம். மகி சுவரில் கிறுக்கினால் நான் ஈரத்துணியோடு ஓட வேண்டும், பிள்ளை அடிபடும் முன்னே அழ ஆரம்பித்துவிடும், கிரயானைக் கையில் எடுத்தாலே என் முகத்தைப் பார்க்கும். எந்தப் பிள்ளையாவது கிரயானை எடுத்துவிட்டு அம்மா முகத்தைப் பார்க்குமா? அன்று ராத்திரி அன்பு, "வாடகைக்கே வேற பாப்போம் இளா, வாங்குற நெனப்ப விட்ருவோம்" என்றார். நான்தான் விடவில்லை. இன்றைக்கு விட்டால் இனிமேல் எட்டாது என்று எனக்குத் தெரிகிறது. நாம் சேர்க்கிற வேகத்தில் வீடு நின்றுகொண்டிருந்தால் பிடித்துவிடலாம், அதுவும் ஓடுகிறதே. பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடி, கம்பியில் விரல் படும்போது டிரைவர் கியரைப் போடுகிற மாதிரி. அட்வான்ஸுக்காகத் தாலிச் செயினை விற்று, இப்போது மஞ்சள் கயிற்றில்தான் தாலி தொங்குகிறது. பக்கத்து வீட்டில் கேட்டால், "தங்கம் போட்டா அரிக்குதுக்கா" என்று சொல்லிவைத்திருக்கிறேன். அரிக்கிறது என்னவோ உண்மைதான், கயிறுதான் அரிக்கிறது. எந்திரிக்கக் கூடாது. கால் மரத்துவிட்டது, மகி தொடை முழுக்க எச்சில் விட்டிருக்கிறாள். இருக்கட்டும். ஆறு மணி ஆகட்டும், அப்புறம் இந்தக் கால் அறுந்து விழுந்தாலும் சரி.

ஞானசம்பந்தம் சார் வீட்டம்மா வசந்தகோகிலம் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். நல்ல மனுசி. வந்ததிலிருந்து மகிக்கு ஃபேனைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருக்கிறார். மகன் பெங்களூரில் இருக்கிறான், வயசான காலத்தில் தனியாக இருக்காதே என்று கூப்பிடுகிறான், அதனால்தான் விற்கிறார்கள். "போறதுக்கு மனசில்லம்மா. ஆனா மூட்டுவலியோட இவருக்கு நான் பாக்குறதா, எனக்கு இவர் பாக்குறதா, சொல்லு" என்றார். பேச்சைக் குறைக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். வாயைத் திறந்தால் வீடு நன்றாயிருக்கிறது என்று வந்துவிடும். அதனால் வீட்டை விட்டுவிட்டு வேறு எதைப் பற்றியாவது பேசலாம் என்று சுவரில் இருந்த போட்டோவைக் காட்டி, "இது யாரும்மா, மாமனார் மாமியாரா?" என்று கேட்டேன். எனக்கு எதற்கு அந்த வேலை? "ஆமா, அவரு கட்டுன வீடுதானே இது. அந்தப் பக்கம் நிக்கிறது எங்க பெரிய மச்சாண்டார், இந்தப் பக்கம் இவரு. நடுவுல ரெட்டைச் சடையோட முறைச்சுக்கிட்டு நிக்குதே, அது எங்க நாத்தனார் புனிதா. திண்டிவனத்துல குடுத்திருக்கு. இவருக்கு ஒரே தங்கச்சி, உசுரு. போன வாரங்கூட மாம்பழம் குடுத்துவிட்டா." காபி நாக்கைச் சுட்டது. நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பையன் ஒரு பெண். ஆனால் காலையில் பஸ்ஸில் வரும்போது அன்பு என்ன சொன்னார்? "அப்பா பேர்ல இருந்த வீடு. அவரு உயில் எதுவும் எழுதல. வாரிசு பசங்க ரெண்டு பேருதான். பெரியவரு தன் பங்கு வேணாம்னு தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டாரு. சிக்கலே இல்ல இளா." பசங்க ரெண்டு பேரு. வாரிசு சான்று மட்டும் பேங்க் லாக்கரில் இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன் என்று சார் சொல்லியிருந்தார். ரெண்டு பேரு. நடுவில் ரெட்டைச் சடை.

நான் அந்த போட்டோவைப் பார்க்கவில்லை. அப்படியே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்து சோபாவில் உட்கார்ந்திருந்தால் அது எனக்கு முதுகுப் பக்கம்தான் இருந்திருக்கும். காபி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இந்தம்மா உட்கார்ந்தே இருக்க மாட்டார். பார்க்காதவளுக்கு என்ன தெரியும்? வக்கீல் பார்ப்பார், அவர் வேலை அது. ஆனால் வக்கீல் கொடுத்த காகிதத்தைத்தானே பார்ப்பார், காகிதத்தில் இல்லாத பெண்ணை எங்கே போய்ப் பார்ப்பார்? இந்தம்மா ஏமாற்றுகிறவர் இல்லை. ஏமாற்ற நினைத்திருந்தால் போட்டோவைக் கழற்றி வைத்திருப்பார், ஒரே தங்கச்சி, உசுரு என்று என் கையில் காபியைக் கொடுத்துவிட்டா சொல்வார்? மறைக்கவில்லை. கணக்கிலேயே வராத ஆளை எதற்கு மறைக்க வேண்டும்? கட்டிக் கொடுத்தாயிற்று, சீர் செய்தாயிற்று, பிள்ளைகளுக்குக் காது குத்தியாயிற்று, முடிந்தது. எனக்குத் தெரியாதா? என் அப்பா செத்துப்போன வருசம், மகி வயிற்றில் இருந்தாள், அண்ணன் வண்டி வைத்துக் கூட்டிப்போனான். பதிவு ஆபீஸில் கூட்டமான கூட்டம், எனக்கு மட்டும் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டான். "ஒரு கையெழுத்துதான் பாப்பா, உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறோம்." போட்டோ எடுத்தார்கள், விரலை மிஷினில் வைக்கச் சொன்னார்கள், நான் போட்டோவுக்குச் சிரித்தேன். வெளியே வந்ததும் பரோட்டாவும் கலக்கியும் வாங்கிக் கொடுத்தான், ஒரு சேலை எடுத்துக் கொடுத்தான். பச்சைச் சேலை, நல்ல சேலைதான். இந்த வீட்டுக்காக அவனிடம் கேட்டபோது, "இப்பக் கையில இல்லியே பாப்பா" என்றான். பாவம், இல்லாமலும் இருக்கலாம். எனக்கு அன்றைக்கு அது ஒரு விசேஷத்துக்குப் போய்வந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் என்னைக் கூப்பிட்டாவது கேட்டார்கள். ஸ்டூல் போட்டார்கள். இந்தப் புனிதாவை யாராவது கூப்பிட்டார்களா?

கூப்பிட்டிருப்பார்கள். வாய்வார்த்தையாகச் சொல்லியிருப்பார்கள், அந்தம்மாவும் சரி என்றிருக்கும். மாம்பழம் கொடுத்துவிடுகிறவள் கேஸா போடப் போகிறாள்? போட மாட்டாள். அவள் போட மாட்டாள், அவள் பிள்ளைகள் போடுவார்கள். எங்கள் தெருவில் கடைசி வீட்டு பீட்டர் அண்ணன் அப்படித்தான் வாங்கினார். கிரகப்பிரவேசம் போல ஜெபமெல்லாம் வைத்து, பிரியாணி போட்டு, நான்கு வருசம் கழித்து, விற்றவருடைய அக்கா ஒருத்தியிடமிருந்து நோட்டீஸ் வந்தது. இப்போது அவர் வாய்தாவுக்கு வாய்தா லீவு போடுகிறார், சொந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறவர் மாதிரி நடக்கிறார், மொட்டைமாடியில் ஒரு ஷீட் போடக்கூடப் பயம். அது நமக்கு வேண்டுமா? வேண்டாம். இது போனால் வேறு இருக்கிறதா? இல்லை. நான் சொல்லாமல் விட்டால் நாம் மாட்டிக்கொள்வோம். நான் சொல்லிவிட்டுக் கிளம்பினால் காரில் இருக்கிறவள் ஓடிவந்து இந்த நாற்காலியில் உட்காருவாள், அவள் மாட்டிக்கொள்வாள். அவள் மாட்டினால் எனக்கென்ன? எனக்கென்ன என்று சொல்லும்போதே அவள் மறுபடி ஃபைலால் விசிறிக்கொள்கிறாள். சரி, தனியாக அன்புவிடம் சொல்லலாம். போன் போட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை, பஸ்ஸில் வருகிறார் போலிருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நிற்கலாமா? எந்திரிக்கக் கூடாதே. கடவுளே, அந்த மனுசன் வந்து, வக்கீல் வேண்டாம்னுட்டார் என்று சொல்லிவிடட்டும். என் வாயால் வேண்டாம். நான்காவது வீடும் என் வாயால் போக வேண்டாம்.

அன்பு உள்ளே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு. என்னைச் சிரிக்காதே என்றவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். சித்திரை என்று அவர்கள் சொன்ன நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை, எங்கே வைத்திருந்தார் இத்தனை நாளும்? "வக்கீல் பாத்துட்டாரு. குடுத்தவரைக்கும் எல்லாம் சுத்தமா இருக்குன்னாரு. வாரிசு சான்று நாளைக்கு வந்தாப் போதும்" என்றார். ஞானசம்பந்தம் சார் எழுந்து முகம் கழுவி நெற்றியில் விபூதியோடு வந்தார். மஸ்தான் பாய் கடிகாரத்தைப் பார்த்து, "ராகு போயாச்சு சார், இனி அல்லாவும் சரி, உங்க முருகனும் சரி, எல்லாரும் ஃப்ரீ" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். வசந்தகோகிலம் அம்மா தாம்பாளத்தில் குங்குமச் சிமிழை வைத்தார். அன்பு போனை எடுத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். குனிந்தார். காதில் சொன்னேன். "என்னங்க, இவங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்காங்க." அவர் நிமிரவே இல்லை, அப்படியே குனிந்தபடி இருந்தார், அவர் வேர்வை என் கையில் சொட்டியது. அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தெரியாத மாதிரி இரு இளா. அப்புறம் பேசிக்கலாம். இதுவும் போச்சுன்னா என்னால முடியாதுடி" என்றார். என்னால முடியாதுடி. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் சொல்லிக் கேட்டதில்லை. அவர் கட்டைவிரல் போன்மேல் நிற்கிறது. இருக்கட்டும், தட்டட்டும், சுவரெல்லாம் மகி கிறுக்கட்டும், நோட்டீஸ் வருகிறபோது வரட்டும், அதுவரைக்கும் ஆணி அடிக்கலாம், காலண்டர் மாட்டலாம், தட்டுங்க, சீக்கிரம் தட்டுங்க என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே யாரோ பேசுகிற சத்தம் கேட்டது, பார்த்தால் நான்தான். "அம்மா, உங்க நாத்தனார்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுக் குடுக்குறோமே."

"இதென்ன தங்கச்சி புதுசா" என்றார் மஸ்தான் பாய். ஞானசம்பந்தம் சாரின் முகம் மாறிவிட்டது. "அவளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அவளுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. உங்களுக்கு இஷ்டமில்லன்னா சொல்லுங்க, வெளிய ஆள் நிக்குது" என்றார். மஸ்தான் பாய் அதற்குள் வாசல்வரைக்கும் போய்விட்டார். அன்பு என்னைப் பார்க்கவில்லை, தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்திரிக்கிற நேரம் இதுதான் என்று மகியைத் தோளில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறேன், மரத்த கால் தரையில் ஊன்றவில்லை. வசந்தகோகிலம் அம்மாதான், "ஏங்க, கேக்கட்டுமே. புனிதா என்ன வேணாம்னா சொல்லப் போறா? நம்ம புள்ள அது" என்று சொல்லிக்கொண்டே போனைப் போட்டுவிட்டார். "வச்சுடு கோகிலா" என்று சார் சொல்வதற்குள் ஸ்பீக்கரில் மணி அடிக்கிறது. வைத்துவிடுங்கள் அம்மா என்று எனக்கும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. "என்னண்ணி இந்நேரத்துல? அண்ணனுக்கு ஒண்ணுமில்லியே?" பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம். "ஒண்ணுமில்லடி, நல்லாருக்காரு. இங்க ஒரு பொண்ணு உன்கிட்டப் பேசணுங்குது" என்று போனை என் கையில் வைத்துவிட்டார். போன் சுடுகிறது. "அக்கா, எம் பேரு இளவரசி. இந்த வீட்டை வாங்கலாம்னு வந்திருக்கோம்." "எந்த வீட்டை?" "சேலையூர் வீடுதாங்க்கா." அந்தப் பக்கம் கடுகு வெடிக்கிறது. வசந்தகோகிலம் அம்மா புருசனைத் திரும்பிப் பார்த்தார். "அவகிட்ட நீங்க சொல்லவே இல்லியா?" என்று உதடு மட்டும் அசைந்தது. சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது திண்டிவனத்திலிருந்து அந்தக் குரல், அழாமல், கத்தாமல், காய்கறிக்காரனிடம் கேட்கிற மாதிரி கேட்கிறது. "எவ்வளவுக்கும்மா?" மஸ்தான் பாய் வாசலில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறார். அன்பு இப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார், கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது, இன்னும் ஒன்றும் போய்விடவில்லை, பாதியைச் சொல் போதும் என்கிறதா அந்தக் கண், போனை வை என்கிறதா, தெரியவில்லை. பத்திரத்தில் எழுதப்போகிற விலை ஒன்று. எழுதாமல் கையில் கொடுக்கப்போகிறது ஒன்று. நான் இரண்டையும் கூட்டிச் சொல்கிறேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன், காருக்குள் இருக்கிறவளுக்கும் கேட்டால் கேட்கட்டும். அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்கிறது.